சின்னக் கிராணி சிரித்தால்தான் சிரிப்போம்

நேற்றுச் சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். நம் மகள் சாந்தி கூடத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். திடீரென்று அந்தச் சிரிப்பு கேட்டது. ஒரு கூட்டமே சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. முதலில் ஒரு பெண் மட்டும் முந்திக்கொண்டு கீச்சென்று சிரிப்பாள். பிறகு மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். எல்லாம் அடங்கும்போது யாரோ ஒருவர் இருமுவார். அந்த இருமல் வந்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. எத்தனை வருடம் ஆனாலும் அந்த ஆளுக்கு இருமல் மட்டும் குணமாகவில்லை.

"அம்மா, சீக்கிரம் வாங்க! அப்பா பாப்பாருல்ல அந்த வெள்ளக்கார நாடகம், கெடச்சிடுச்சு!" என்று சாந்தி கத்தினாள்.

கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். கைப்பேசியில் இருந்ததைச் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய டிவிக்கு எப்படியோ மாற்றியிருந்தாள். அதே தபால் ஆபீஸ். அதே நீளமான மேசை, கதவைத் திறந்தால் மேலே குலுங்கும் அதே மணி. அந்தக் காலத்தில் ரப்பர்த் தோட்டத்து மண்டபத்தில் நாம் கறுப்பு வெள்ளையில் பார்த்தது இப்போது கலரில் இருந்தது. போஸ்ட் மாஸ்டரின் மனைவி போட்டிருக்கும் கவுன் பச்சை நிறமாம். இத்தனை காலமும் அதைச் சிவப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் சொல்லத் திரும்பினேன். சாந்திதான் உட்கார்ந்திருந்தாள்.

நீங்கள் போனபிறகு நான் வாயைத் திறப்பதே இல்லை என்று அவளுக்குக் கவலை. புஞ்சாக் ஆலாமில் அந்தப் பல்கலைக்கழக வளாகத்து ஆபீஸில் வேலை முடித்து, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இங்கே புக்கிட் பெருந்துங்குக்குக் காரோட்டிக்கொண்டு வருகிறாள். அம்மாவைச் சிரிக்க வைக்கவேண்டும் என்பதற்காகவே இந்த நாடகத்தைத் தேடியிருக்கிறாள். நாடகத்தின் பெயர் எனக்கு எப்படித் தெரியும்? தபால் ஆபீஸ், குண்டு மாஸ்டர், கதவு மணி என்று நான் உளறியதை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்திருக்கிறாள். பிடிவாதத்தில் அப்படியே உங்கள் மகள்.

இந்தக் கடிதம் அவள் கண்ணில் பட்டாலும் பயமில்லை. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இங்கிலீஷ் நன்றாக வரவேண்டும் என்று தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் போடாமல் கோலசிலாங்கூர் டவுனுக்கு அனுப்பினீர்கள், அதன் பலன். அன்றைக்கு அதற்காக உங்களோடு மல்லுக்கு நின்றேன். இன்றைக்கு வசதியாகப் போய்விட்டது. எனக்கு ஆறாம் வகுப்புத் தமிழ்தான் தெரியும், ஆனால் அது ஒழுங்காகத் தெரியும்.

மண்டபத்தை இப்போது நினைத்தாலும் கொசுவத்தி வாடைதான் முதலில் வருகிறது. வாரத்தில் ஒரு நாள், பொழுது சாய்ந்து சாப்பாடு முடிந்த கையோடு, லயத்து வரிசை வீடுகளிலிருந்து பாயும் பிள்ளையுமாக எல்லாரும் வந்துவிடுவோம். டிவி ஒரு மரப்பெட்டிக்குள் பூட்டியிருக்கும். சாவி உங்களிடம். பெரிய கிராணிக்கு வீட்டிலேயே டிவி இருந்ததால் அவர் மண்டபத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. தோட்டத்து ஆபீஸில் நீங்கள் கணக்கெழுதும் சின்னக் கிராணி என்றாலும் மண்டபத்துக்கு நீங்கள்தான் பெரியவர். கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்று, அது உங்களுக்கு. அதையும் பெட்டிக்கு எதிரே போட்டுக்கொள்ள மாட்டீர்கள். பெட்டிக்குப் பக்கத்திலேயே, எங்களைப் பார்த்தவாறு கொஞ்சம் சாய்த்துப் போட்டுக்கொள்வீர்கள். ஏரியல் கம்பியை அடிக்கடி திருப்பவேண்டும் என்று காரணம் சொன்னீர்கள். அப்படி உட்கார்ந்ததால் உங்கள் முகம் மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

அந்தப் பெட்டியில் படம் எப்போதும் அடிப்பக்கம் மடங்கியே தெரியும். கீழே ஓடும் மலாய் எழுத்து சுருண்டு போய்விடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளால்கூடப் படிக்க முடியாது. பேசுவதோ இங்கிலீஷ். மண்டபத்தில் இங்கிலீஷ் படித்த ஆள் நீங்கள் ஒருவர்தான். ஆகவே நாங்கள் ஒரு கண்ணால் பெட்டியையும் ஒரு கண்ணால் உங்களையும் பார்த்துக்கொண்டிருப்போம். பெட்டிக்குள் இருப்பவர்கள் சிரிப்பார்கள். உங்கள் தோள் குலுங்கும். கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொள்வீர்கள். அதைப் பார்த்ததும் மண்டபமே சிரிக்கும். காளியப்பன் மண்டோர் மட்டும் எல்லாரும் சிரித்து முடித்தபிறகு தனியாகச் சிரிப்பார். ரப்பர்க் காட்டில் எங்களை வேலை வாங்கி, சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டுகிற மேஸ்திரி, சிரிப்பில் மட்டும் கடைசி ஆள்.

"என்னா சொன்னான் கிராணி?" என்று யாராவது கேட்பார்கள்.

"அதத் தமிழ்ல சொன்னா ருசி போயிடும்லா," என்று கையை ஆட்டுவீர்கள். அதற்கும் ஒரு சிரிப்பு எழும்.

ஏன் அப்படி விழுந்து விழுந்து சிரித்தோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். வெள்ளைக்காரத் துரையை நம் பெரியவர்கள் ஜீப்பில்தான் பார்த்திருக்கிறார்கள். அவர் வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்றவர்கள். அந்த வெள்ளைக்காரன் பெண்டாட்டிக்குப் பயந்து அலமாரிக்குள் ஒளிகிறான், கால்சட்டை கிழிந்து நிற்கிறான், டீக் கோப்பையை மாமியார் மடியில் கவிழ்க்கிறான் என்றால் சும்மா இருக்க முடியுமா? ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ராக்காயி அக்கா ஒருநாள், "இவனுக்கா எங்கப்பாரு சலாம் போட்டாரு?" என்று கேட்டாள். அன்றைக்கு மண்டபம் சிரித்ததற்கு உங்கள் தோள் தேவைப்படவில்லை.

அந்த நாடகத்தில் நம்ம ஆள் ஒருவன் இருந்தான். தபால் பிரிக்கிற வேலை. கோட்டுப் போட்டு, தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவான். அவன் கதவைத் திறந்து மணி குலுங்கியதுமே மண்டோர் கைதட்டுவார். "நம்ம ஆளு வந்துட்டான்டா!" லண்டன் நாடகத்தில் நம் முகம் ஒன்று வருகிறதே என்று எங்களுக்கு அவ்வளவு பெருமை. அவன் உள்ளே வரும்போதெல்லாம் குண்டு மாஸ்டர் மேசைக்கடியிலிருந்து ஒரு டின்னை எடுத்து அவனைச் சுற்றி மருந்து அடிப்பார். "அங்கயும் கொசு போலருக்கு, பாவம்," என்பாள் ராக்காயி அக்கா. நம் லயத்திலும் அப்போது கொசுவுக்குப் புகை அடிக்க வந்துபோய்க்கொண்டிருந்தார்கள் அல்லவா, எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றோம். பெட்டி சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

பிறகு ஒரு வாரம் அந்த நேரத்தில் வேறொரு நாடகம் போட்டார்கள். அதில் பெட்டி சிரிக்கவே இல்லை. ஒரு ஒல்லி மனிதன், ஒரு பெரிய கட்டிலை மாடிக்கு ஏற்றப் பார்க்கிறான். முடியவில்லை. கட்டில் அவன்மேல் விழுகிறது. மனைவி கோபித்துக்கொண்டு துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். அவன் நடு ரோட்டில் கட்டிலோடு உட்கார்ந்திருக்கிறான், மழை வேறு. நீங்கள் கைக்குட்டையைத் தொடவில்லை. கை இரண்டையும் முழங்காலில் ஊன்றி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களைப் பார்த்து நாங்களும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ராக்காயி அக்கா அழுதேவிட்டாள். "நல்ல மனுசனுக்குத்தான் இப்புடியெல்லாம் நடக்கும்," என்று மூக்கைச் சிந்தினாள். மண்டோர்கூடப் பெருமூச்சு விட்டார். எழவு வீட்டிலிருந்து வருகிறவர்களைப் போல அன்றைக்கு லயத்துக்குத் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தீர்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"ராஜம், அது சிரிப்பு நாடகமா இருக்குமோன்னு தோணுது," என்றீர்கள்.

"எது?"

"இப்ப பாத்தமே, கட்டுலு."

எனக்கு விளங்கவில்லை. உங்கள் முகத்தையே பார்த்தேன். நீங்கள் தம்ளரைப் பார்த்துக்கொண்டு பேசினீர்கள். "அவனுங்க வாயத் தொறக்காமலே பேசுறானுங்க புள்ள. எழுதிக் குடுத்தா ஒரு வரி விடாம படிச்சிடுவேன். காதுலதான் ஏற மாட்டேங்குது. அவனுங்க சிரிச்சா நானும் சிரிப்பேன். இன்னிக்கு எவனும் சிரிக்கல, நான் என்னா செய்யறது?"

முதலில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு ராக்காயி அக்கா மூக்கைச் சிந்தியது ஞாபகம் வந்தது. சிரித்தேன் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாதென்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு. முதலில் முறைத்தீர்கள். பிறகு உங்களுக்கும் வந்துவிட்டது. தோள் மட்டும் குலுங்கும் அந்த மண்டபத்துச் சிரிப்பில்லை. கண்ணில் தண்ணீர் வர, தரையில் கையால் அடித்துக்கொண்டு சிரித்தீர்கள். உங்களுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சிரித்து ஓய்ந்ததும், "யாருகிட்டயும் சொல்லிடாத," என்றீர்கள்.

"நான் யாருகிட்டச் சொல்லப் போறேன்?"

"சாந்திகிட்டயும்."

"சொல்ல மாட்டேன்."

அடுத்த வாரம் பெட்டி மறுபடி சிரித்தது, நீங்கள் சிரித்தீர்கள், மண்டபம் சிரித்தது. நான் மட்டும் உங்கள் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டேன். பார்த்தால் நேரங்கெட்ட நேரத்தில் சிரித்துவிடுவேன். நீங்கள் கள்ளத்தனமாக என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பீர்கள். அந்தப் பார்வைக்காகவே நான் மண்டபத்துக்கு வந்தேன், தெரியுமா?

தோட்டம் கைமாறியது அதற்குப் பிறகு. வீடு கட்டுகிற கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது, லயத்தைக் காலி செய்யவேண்டும் என்றார்கள். யாருக்கு எங்கே வீடு, யாருக்கு வேலை என்று சொல்ல, டை கட்டிய ஒரு பெரிய அதிகாரியும் அவரோடு இரண்டு பேரும் நகரத்திலிருந்து வந்தார்கள். அதே மண்டபம். நீங்கள் வழக்கம்போலப் பூட்டிய டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அதிகாரி மலாயில் பேசினார். நடுவில் மண்டோர் எழுந்து, "எல்லாஞ் சரி, எங்க கோயிலு என்னா ஆவும்?" என்று தனக்குத் தெரிந்த மலாயில் கேட்டார். அதிகாரி பதில் சொல்லவில்லை. கூட வந்த இருவர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தார்கள்.

உடனே மண்டபம் முழுக்க உங்கள் பக்கம் திரும்பியது. யாரும் சொல்லித் திரும்பவில்லை, பழக்கம். நீங்கள் சிரித்தால் அது நல்ல வார்த்தையாக இருக்கும், பயமில்லை, நாமும் சிரித்துவைக்கலாம். மண்டோர் வாயைப் பாதி திறந்துகொண்டு தயாராக நின்றார். உங்கள் தோள் குலுங்கவில்லை. கைக்குட்டை பையிலேயே இருந்தது. அந்த அதிகாரியைப் பார்த்தது பார்த்தபடி இருந்தீர்கள். மண்டபத்தில் ஒருவர் சிரிக்கவில்லை. அந்த இரண்டு பேர் சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டு, அதுவும் தேய்ந்து நின்றது. அதிகாரி காகிதத்தைப் புரட்டினார், தொண்டையைச் செருமினார். மண்டோர் அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டார். இந்தத் தடவை ஒழுங்காகப் பதில் வந்தது. கோயிலுக்கு வேறு இடம் ஒதுக்கிக் கொடுப்பதாகச் சொன்னார், கொடுத்தும் விட்டார்கள்.

ஆபீஸில் இருந்தவர்களில் மற்ற எல்லாரையும் புதுக் கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொண்டது. உங்களை எடுக்கவில்லை. அன்றைக்குச் சிரிக்காததுதான் காரணம் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. உங்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் உலை கொதிக்க உதவுமா? ராசா டவுனில் ஒழுகுகிற வாடகை வீட்டில், நீங்கள் வேலை தேடி அலைந்த நாட்களில், "ஒரு சிரிப்புச் சிரிச்சிருந்தா என்னா கொறஞ்சிருக்கும்?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவீர்கள். பிறகு ரவாங்கில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை கிடைத்து, இந்த வீடு வாங்கி, சாந்தி படித்து, எல்லாம் ஒருவழியாக நிமிர்ந்தது. அந்தக் கதை மட்டும் நம் வீட்டுச் சொத்தாக நின்றுவிட்டது. உங்கள் கருமக்கிரியை அன்று வந்தவர்களிடம்கூடச் சாந்தி அதைத்தான் சொன்னாள். "எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் நல்லா தெரியும். அந்த ஆளு சொன்ன ஜோக் புரிஞ்சுதான், மூஞ்சிக்கு நேரா சிரிக்காம உக்காந்திருந்தாரு." சொல்லும்போது அவள் குரல் எப்படி நிமிர்ந்தது என்று நீங்கள் கேட்டிருக்கவேண்டும்.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு ஆளையும் அடையாளம் காட்டிச் சாந்திக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவளும் ரசித்தாள். அலமாரிக்குள் ஒளிகிற இடத்தில் அவளே சத்தமாகச் சிரித்தாள். கதவு மணி குலுங்கியது. "இரு இரு, இப்ப நம்ம ஆளு வருவான்," என்று அவள் தொடையைத் தட்டினேன்.

அவன் வந்தான். சாந்தி முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, இது நம்ம ஆளு இல்ல."

"யார் சொன்னா?"

"வெள்ளக்காரன்மா. மூஞ்சில சாயம் பூசியிருக்கான். காலருக்குக் கீழ கழுத்தப் பாருங்க."

எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தேன். காலருக்குக் கீழே கழுத்து வெள்ளை வெளேரென்று இருந்தது. கையிலும் மணிக்கட்டு வரைக்கும்தான் பூசியிருந்தார்கள். மண்டோர் செத்துப் பல வருடம் ஆகிறது. அவர் கைதட்டியதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவ்வளவு பெருமையாகத் தட்டினாரே. அப்போதுதான் குண்டு மாஸ்டர் டின்னை எடுத்தார்.

"கொசு மருந்து," என்றேன் நான்.

"கொசு மருந்தா? அம்மா, அது வாசன ஸ்ப்ரே! இவன் மேல கறி மசாலா வாட அடிக்குதாம், தாங்க முடியலயாம். வாயால சொல்லியே அடிக்கிறான். திஸ் இஸ் சோ ரேசிஸ்ட்!"

பெட்டி சிரித்தது. அந்தக் கீச்சுக் குரல் பெண் முதலில், பிறகு எல்லாரும், பிறகு இருமல். சாந்தி படத்தை நிறுத்தினாள்.

"இப்ப எவனாச்சும் இப்படி எடுத்துப் பாக்கட்டும், சும்மா விடுவாங்களா? இதையெல்லாம் காமெடின்னு போட்டிருக்கானுங்க."

அவள் சொன்னது நியாயம்தான். நம் தோட்டத்தில் மட்டும் என்ன, நொண்டி, ஊமை, கட்டை என்று ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்தோம்; கூப்பிட்டவனும் சிரித்தான், கூப்பிடப்பட்டவனும் சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் இன்னும் மோசமான பெயர் வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் எத்தனை பேர் சிரித்தார்களோ. சாந்தி முன்னால் இன்று ஒருவரை அப்படிக் கூப்பிட முடியாது, முகத்தை ஒரு முழம் தூக்கி வைத்துக்கொள்வாள். இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த மண்டபத்துச் சிரிப்பு முழுக்க அழுக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது. சலாம் போட்டவர்களின் பிள்ளைகள் அன்றுதான் துரையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இதையெல்லாம் சாந்தியிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கேட்டுவிட்டாள்.

"அப்பா இதுக்கா சிரிச்சாரு? மண்டபத்துல எல்லாரும் அப்பாவப் பாத்துத்தான் சிரிப்பீங்கன்னு நீங்கதான சொன்னீங்க. மத்தவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, சரி. அப்பாவுக்குத் தெரியுமே. இது புரிஞ்சுமா சிரிச்சாரு?"

நெத்திலி வாடையடிக்கிற கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், உங்கள்மேல் பழி இருக்காது. உங்கப்பாவுக்கு அவர்கள் பேச்சு விளங்காது, பெட்டி சிரித்தால் சிரிப்பார், நம்மைக் கேவலப்படுத்துவது தெரிந்திருந்தால் டிவியையே பூட்டியிருப்பார் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் அவளுடைய அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? பேச்சு விளங்காதவர் அந்த அதிகாரியின் பேச்சு விளங்கியா சிரிக்காமல் இருந்தார் என்று கேட்பாள். கருமக்கிரியையில் நிமிர்ந்த அந்தக் குரல் என்ன ஆகும்? இங்கிலீஷ் தெரிந்தவர் என்று ஊர் முழுக்க நிமிர்ந்து நடந்த உங்கள் நடை என்ன ஆகும்? நீங்கள் உயிரோடு இருந்து, இந்தக் கேள்வி உங்களிடம் வந்திருந்தால் எதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கெட்டவர் என்ற பெயர்கூடப் பரவாயில்லை, இங்கிலீஷ் தெரியாதவர் என்ற பெயர் வேண்டாம் என்பீர்கள். உங்கள் வீம்பு எனக்குத் தெரியாதா?

"உங்கப்பாவுக்குப் புரியாத இங்கிலீஷா? எல்லாம் புரியும்," என்றேன். "அந்தக் காலம் அப்படிம்மா."

"ஓக்கேம்மா," என்றாள் சாந்தி. டிவியை அணைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். நான் மீதி நெத்திலியைக் கிள்ளப் போனேன்.

இன்று காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினாள். எப்போதும் உங்கள் படத்துக்குக் கீழே நின்று, "வரேன்ப்பா," என்று சொல்லிவிட்டுத்தான் செருப்புப் போடுவாள். இன்று சொல்லவில்லை. மறந்தும் போயிருக்கலாம். காரில் ஏறியபிறகு கண்ணாடியை இறக்கி, "அந்தக் கம்பெனிக்காரன் அன்னிக்கு என்னதாம்மா சொன்னான்? அப்பா உங்ககிட்டயாச்சும் சொன்னாரா?" என்றாள்.

"கேட்டேன். சிரிக்கிற மாதிரி ஒண்ணும் சொல்லலன்னாரு."

சாந்தி காரைக் கிளப்பினாள். பிறகு, "வரேம்மா, கதவப் பூட்டிக்குங்க," என்று போய்விட்டாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆமாம், நான் கேட்டதற்கு நீங்கள் சொன்ன ஒரே பதில் அதுதான். புரிந்தவரும் அப்படிச் சொல்லலாம், புரியாதவரும் அப்படிச் சொல்லலாம். கெட்டிக்காரர். நானும் வருடக்கணக்கில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி யோசித்தேன். இன்று சாந்தி போனபிறகு வெறும் வீட்டில் உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று தோன்றியது. யார் சிரித்தாலும் பின்னாலேயே சிரித்த மனிதர் நீங்கள். அந்த இரண்டு பேரும் அன்று மண்டபம் அதிரச் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. பேசியது புரிந்ததோ இல்லையோ, மண்டோர் கோயிலைக் கேட்டு நிற்கும்போது அவர்கள் சிரித்தது உங்களுக்குப் புரிந்திருக்கிறது. எனக்கு அது போதும். ராசா வீட்டில் உங்களைக் குத்திக் குத்திக் கேட்டேனே, அதை இனி கேட்க மாட்டேன்.

ஆனால் இதைச் சாந்தியிடம் சொல்ல வழியில்லை. சொல்லவேண்டுமென்றால் உங்கள் காதில் இங்கிலீஷ் ஏறாது என்பதிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். அதைச் சொல்ல மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், நிம்மதியாக இருங்கள். அவள் உங்களைக் கொஞ்சம் குறைத்து நினைத்தாலும் நினைக்கட்டும், நான் முழுசாக நினைத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. இன்று மத்தியானம் ராக்காயி அக்கா கட்டிலுக்காக அழுதது ஞாபகம் வந்து, அடுப்பு முன்னால் தனியாக நின்று அப்படிச் சிரித்தேன். சிரித்து முடித்துத் திரும்பினால், எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்கக்கூட வீட்டில் ஆளில்லை. கேட்டாலும் சொல்ல முடியாது. இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், ராஜத்தை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.